பாதி வண்டு

அருங்காட்சியகத்தின் நடைவழிச் சுவரில் பழங்காலத்து வண்டுப் படங்கள் வரிசையாகத் தொங்கின. ஒவ்வொன்றின் அடியிலும், இடது மூலையில், எறும்பு ஊர்ந்த மாதிரி ஒரு பெயர். வரைந்தவருடையது. அவளுக்கு வேண்டியதெல்லாம் அந்த மூலைதான். பூச்சிப் பிரிவில் சேர்ந்த நாளிலிருந்து அவள் வரைந்த படங்களுக்கு மூலை வெறிச்சோடியே கிடந்தது. பிரிவின் தலைவன் வேறு யாருமில்லை, கூடப் பிறந்த அண்ணன்.

“இந்தத் தடவ உன் பேரு உண்டு, போதுமா?” என்றான். யாரும் இதுவரை விவரித்து எழுதாத புது வண்டு ஒன்று அவன் கையில் சிக்கியிருந்தது. “என் கட்டுரையோட ஆராய்ச்சி இதழுக்குச் சாயங்காலத்துக்குள்ள படம் போகணும். பாதி வரைஞ்சு திருப்பிப் போட்டுடு.”

“முழுசா வரைஞ்சிடறேன்ணா.”

“அது என்ன கல்யாணப் பொண்ணா, அந்தப் பக்கம் இந்தப் பக்கம்னு பாக்கறதுக்கு? வண்டு! ரெண்டு பக்கமும் ஒண்ணுதான்.”

அந்தத் தொழிலில் எல்லோரும் செய்வதுதான். இடப்பாதியை மைக்ராஸ்கோப்பில் பார்த்து வரைந்து, டிரேசிங் பேப்பரில் எடுத்து, அதைக் கவிழ்த்துத் தேய்த்தால் வலப்பாதி தயார். அவளும் அப்படியே செய்தாள். இடப்பாதியில் ஒரு முடியைக்கூட விடவில்லை. முதுகின் பச்சையை நீர்க்க நீர்க்கப் பூசி, மினுங்கும் இடத்தில் மட்டும் வெள்ளைத் தாளை அப்படியே விட்டாள். தொட்டால் ஓடிவிடும் போலிருந்தது. வலப்பக்கத்தை எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

படம் அச்சில் வந்தது. மூலை காலி.

“இடமில்லையாம்,” என்றான் அண்ணன்.

அந்த வண்டுக்கு வலது தாடையில் ஒரு பல் கூடுதல். அண்ணன் கட்டுரையிலும் அதைப் பற்றி மூச்சில்லை. அவனும் எட்டிப் பார்க்காதவன்தானே. வெளியூர்க்காரர் ஒருவர் அதே இனத்தைப் பிடித்துப் பார்த்து, இதழுக்கு எழுதி, அண்ணனின் மானத்தை வாங்கிவிட்டார்.

அடுத்த இதழில் அண்ணன் கையெழுத்தோடு திருத்தம் வந்தது: பிழைக்குக் காரணம் வரைந்தவரின் கவனக்குறைவு. வரைந்தவர் யாரென்பதும் இருந்தது. முழுப்பெயர், முதலெழுத்தோடு.

அம்மாவுக்கு இதழின் ஆங்கிலம் படிக்கத் தெரியாது. ஆனால் பெற்ற மகளின் பெயரை எந்த எழுத்தில் போட்டாலும் கண்டுபிடித்துவிடுவாள். சாப்பாட்டு மேசையில் இதழை விரித்து வைத்துக்கொண்டாள்.

“சொன்ன சொல்லக் காப்பாத்திட்டான் பாத்தியாடி எம்புள்ள! நீதான் எப்பவும் அவனக் கரிச்சுக் கொட்டற.”

அண்ணன் தட்டைவிட்டு நிமிரவில்லை.

“ஆமாம்மா,” என்றாள் அவள். “இந்தத் தடவ இடம் இருந்துச்சாம்.”