நிலுவைத் தாளம்

பல்கலைக்கழக இசைத் துறையில் பியானோ படித்துக்கொண்டிருந்த பெண், மூன்றாமாண்டு மதிப்பெண் பட்டியலைக் கையில் வாங்கிய நாளிலிருந்து உலகத்தைவிட ஒரு மாத்திரை பிந்திப் போனாள். கதவைச் சாத்திவிட்டு அவள் திரும்பிய பிறகுதான் கதவு சாத்தும் சத்தம் வரும். மழைக்கு ஓடிவந்து கூரைக்குள் நுழைந்தால், உள்ளே நுழைந்த பிறகு நனைவாள். யாராவது வேடிக்கையாக ஏதாவது சொன்னால் எல்லோரும் சிரித்து ஓய்ந்த பிறகு அவள் சிரிப்பு தனியாக வந்து நிற்கும். மந்தமான பெண் என்று சிலர் முடிவுகட்டினார்கள். அப்படிச் சொன்னவர்களில் பாதிப் பேர் அவளுடைய நோட்டைப் பார்த்து எழுதித்தான் தேறியிருந்தார்கள். கூடப் படித்தவர்கள் அவளுக்கு எதிரொலி என்று பேர் வைத்தார்கள்.

காரணம் யார் என்று துறை இருந்த எங்கள் தெருவுக்கே தெரியும், சம்பந்தப்பட்டவளுக்கு மட்டும் தெரியாது. துறை அலுவலகத்தில் தட்டச்சு அக்கா என்று ஒருத்தி இருந்தாள். பழைய இரும்பு இயந்திரத்தில் பதினெட்டு வருடம் அடித்துப் பழகியவள், ஒரு கடிதத்தில்கூடப் பிழை விட்டதில்லை என்ற கர்வம் கொஞ்சம் உண்டு. அன்று காலை முழுவதும் தோல் கருவிப் பிரிவின் பட்டியல்களை அடித்துக்கொண்டிருந்தாள். தாளம் ஒன்று, தாளம் இரண்டு, தாளம் மூன்று என்று நாற்பது பேருக்கு அடித்த கை, அடுத்ததாகப் பியானோப் பெண்ணின் பட்டியலுக்கு வந்தபோது நிற்கவில்லை. காய்ச்சலில் படுத்ததால் அவள் எழுதாமல் விட்டது குழு இசை என்ற ஒரே தாள். 'நிலுவைத் தாள்: ஒன்று' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'நிலுவைத் தாளம்: ஒன்று' என்று விழுந்தது. துறைத் தலைவரும் படிக்காமலே கையெழுத்துப் போட்டார், அது அவர் வழக்கம். தாள் என்றால் இரண்டரை மாத்திரை, தாளம் என்றால் மூன்றரை. பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்து மறந்த இலக்கணம்தான். வித்தியாசம் ஒரு மாத்திரை, கண்ணை ஒருமுறை இமைக்கும் நேரம். பெண் பிந்தியதும் சரியாக அவ்வளவுதான். வயலின் பேராசிரியர் இரண்டு மாதம் கருவியெல்லாம் வைத்து அளந்து ஏதேதோ எண் சொன்னார். அக்கா அலுவலகப் பிரதியைப் பார்த்த நிமிடமே விரல்விட்டு எண்ணிவிட்டாள். எண்ணியதை அந்தப் பெண்ணிடம் மட்டும் சொல்லவில்லை.

அந்த நாளில் துறை பழைய கட்டடத்தில் இருந்தது. பன்னிரண்டு பயிற்சி அறை, ஒன்றிலும் ஜன்னல் சரியாக மூடாது. இளங்கலை, முதுகலை, வேலைக்குப் போகிறவர்களுக்கு மாலை நேரப் பட்டயம், சிறுவர்களுக்குச் சனிக்கிழமைச் சான்றிதழ் என்று எல்லாப் படிப்பும் ஒரே நேரத்தில் தெருவுக்குக் கேட்கும். வாய்ப்பாட்டுப் பிரிவுக்கும் தோல் கருவிப் பிரிவுக்கும் மாடி அறை யாருக்கு என்று பதினோரு வருடம் சண்டை. துணி உலர்த்தப் போகிற பெண்கள், இந்த வருடம் குழலில் யார் தேறுவார், யார் வீட்டுக்குப் போவார் என்று முடிவு வருவதற்கு முன்பே சொல்லிவிடுவார்கள். பெரும்பாலும் சரியாகவே இருக்கும். தையல்காரர் ஒருவர் மாலைப் பட்டயத்தின் பாடத்திட்டம் முழுவதையும் கடையில் உட்கார்ந்தபடியே கற்றுக்கொண்டு, சேர்க்கைக் கட்டணம் கேட்டால் கோபித்துக்கொள்வார். இப்போதைய புதுக் கட்டடத்தில் சத்தம் வெளியே வராதாம். அதைப் பெருமையாக வேறு சொல்கிறார்கள்.

குழு இசைத் தாளில் தேறாமல் பட்டம் கிடையாது, ஆறு முறைக்கு மேல் எழுதவும் முடியாது. நான்கு பேர் சேர்ந்து வாசிக்க வேண்டும், சேர்ந்து என்பதற்குத்தான் மதிப்பெண். எதிரொலி முன்கூட்டியே தொடங்கிப் பார்த்தாள். சத்தம் மற்றவர்கள் தொடங்கும்வரை பியானோவுக்குள்ளேயே காத்திருந்து, அவர்கள் தொடங்கி ஒரு மாத்திரை கழித்தே வெளியே வந்தது. ஐந்து முறை எழுதினாள், ஐந்து முறையும் போயிற்று. ஐந்தாம் முறை வந்த தேர்வாளர், 'நன்றாக வாசிக்கிறார், யாரோடு என்றுதான் தெரியவில்லை' என்று குறிப்பு எழுதினார். அக்கா இதற்கிடையில் பட்டியலைத் திருத்தக் கேட்டுத் தேர்வுப் பிரிவுக்கு ஒன்பது கடிதம் அனுப்பியிருந்தாள். பெயர், பதிவெண், மதிப்பெண் ஆகிய மூன்றில் ஏற்படுவது மட்டுமே பிழை என்றும், தாளம் என்பதும் அத்துறைக்கு உரிய சொல்லே என்பதால் இதில் திருத்த ஏதுமில்லை என்றும் பதில் வந்தது.

ஆறாம் தேர்வுக்குப் பணம் கட்ட எதிரொலி வந்தபோது அக்காவுக்கு அதற்குமேல் தாங்கவில்லை.

"உக்காரும்மா. ஒண்ணு சொல்றேன், திட்டறதா இருந்தா முழுசாக் கேட்டுட்டுத் திட்டு" என்று எல்லாவற்றையும் சொன்னாள்.

எதிரொலியின் உதடு அசைந்தது, பிறகு குரல் வந்தது. "மூணு வருஷமா டாக்டர் டாக்டரா அலைஞ்சேன்க்கா. காதுக்கு, நரம்புக்கு, கடைசில கண்ணுக்கு. ஒரு 'ம்'முக்காகவா?"

"ஆமா."

"சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருக்கலாம். வாய் வரல."

எதிரொலி திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று அக்கா பிறகு பலரிடம் சொன்னாள். அன்று சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்காமலே உட்கார்ந்திருந்த அக்காவுக்கு, பட்டியலைத்தான் திருத்த முடியாது, துணை வாசிப்போருக்கான அனுமதிச் சீட்டை அடிப்பது தன் கைதானே என்று தோன்றியது. கூட வாசிக்கப் பதிவு செய்திருந்த மூன்று பேரையும் கூப்பிட்டாள். வில்லும் கையுமாகத் திரிந்ததால் வில்லன் என்று பேர் வாங்கிய வயலின்காரன், செல்லோவைச் சுமந்து சுமந்து ஒரு தோள் இறங்கிப்போன குண்டுப் பெண், யாரோடும் அதிகம் பேசாத குழல்காரன்.

"உங்க சீட்டுலயும் தாள்னு அடிக்காம தாளம்னு அடிச்சா நாலு பேரும் ஒண்ணாப் பிந்துவீங்க. ஒண்ணாப் பிந்தினா அது பிந்தல் இல்ல. ஆனா ஒரு தடவை அடிச்சா அடிச்சதுதான், என்னால மாத்த முடியாது."

"எனக்கு அடிங்க" என்றாள் குண்டுப் பெண். "நான் எதுக்கும் நேரத்துக்குப் போனதே இல்ல. யாருக்கும் வித்தியாசம் தெரியாது."

குழல்காரன் தலையை மட்டும் ஆட்டினான்.

வில்லன் சுவரைப் பார்த்தான். தலைநகர இசைக்குழுவில் அவனுக்கு வேலை ஏறக்குறைய உறுதியாகியிருந்தது. எண்பது பேர் ஒரே மூச்சில் வில் இறக்கும் இடம். "அங்க என்னை ஒரு நாள்கூட வெச்சுக்க மாட்டாங்கக்கா" என்றான்.

"தெரியும்ப்பா. அதனாலதான் கேக்கறேன். கேக்காம அடிச்சதுக்கு ஒருத்தி படற பாடு போதும்."

அவன் எழுந்து போய்விட்டான். போனவன் ஏழாம் எண் பயிற்சி அறைக்கு வெளியே நின்றிருந்ததைத் தையல்காரர் பார்த்திருக்கிறார். உள்ளே எதிரொலி தன் பகுதியைத் தனியாக வாசித்துக்கொண்டிருந்தாள். தனியாக வாசிக்கும்போது அவளிடம் ஒரு குறையும் சொல்ல முடியாது, அதுதான் கொடுமை. சாப்பாட்டு வேளை முடிந்து வில்லன் திரும்பி வந்தான். "அடிங்க" என்றான். "யோசிச்சா மனசு மாறிடும், சீக்கிரம்." அக்கா மூன்று சீட்டும் அடித்தாள். அவன் வாங்கிக்கொண்டு சொன்ன நன்றி, அவன் வாய் மூடிய பிறகு காதில் விழுந்தது.

தேர்வன்று மூன்று தேர்வாளர்களும் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்கள். வில்கள் இறங்கின, குழல் உதட்டுக்குப் போயிற்று, விரல்கள் கட்டைகளில் விழுந்தன, ஒன்றும் கேட்கவில்லை. மூத்த தேர்வாளர் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அதற்குள் நான்கும் சேர்ந்து ஒரே மனிதர் வாசிப்பதுபோல வந்தன. நாற்பது நிமிடம். தெருவில் துணி உலர்த்தியவர்கள் கையில் ஈரத்துணியோடு நின்றார்கள். இவ்வளவு சேர்ந்த குழுவை அந்தக் கட்டடம் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

முடிவு வந்தது. எதிரொலி பட்டியலை வாங்கி, 'நிலுவை இல்லை' என்று படித்து, "அக்கா" என்றாள். சொன்ன குரல் சொன்னபோதே கேட்டது. பயந்துபோய் நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள், நாற்காலி நகர்ந்த சத்தமும் நகர்ந்தபோதே வந்தது. நிலுவை தீர்ந்ததால் அவள் உலகத்தோடு சேர்ந்துவிட்டாள். மற்ற மூவரின் சீட்டுகளோ தேர்வு முடிந்து கோப்புக்குள் போய்விட்டன. தேறுவதற்கோ தீர்வதற்கோ அவர்களுக்கு ஒன்றும் பாக்கியில்லை, அதனால் பிந்தியது பிந்தியதுதான். அந்த வாரம் நான்கு பேரும் தெருவில் நடந்துபோனதை எல்லோரும் பார்த்தோம். மூன்று பேரின் காலடி சேர்ந்து கேட்டது, அவளுடையது மட்டும் முந்திக் கேட்டது. அவள் மெதுவாக நடந்தாள், வேகமாக நடந்தாள், நின்று நின்று நடந்தாள், சேரவில்லை. வில்லன், "பரவால்ல விடு, நீயாவது ஒழுங்கா இரு" என்றான். அவள் அதற்கு உடனே பதில் சொன்னது அவளுக்கே பிடிக்கவில்லை. தலைநகரிலிருந்து வந்த வேலைக் கடிதத்தை அவன் அதற்கு முந்தின நாள்தான் கிழித்திருந்தான்.

பத்தாம் நாள் அவள் அலுவலகத்துக்கு வந்தாள். பட்டச் சான்றிதழ் இயந்திரத்தில் பாதி அடித்தபடி இருந்தது.

"அக்கா, 'எல்லாத் தாள்களிலும் தேர்ச்சி'ன்னு ஒரு வரி வருமே, அடிச்சிட்டீங்களா?"

"இனிமேதான்."

"தாளங்கள்னு அடிங்க."

அக்கா கண்ணாடியைக் கழற்றினாள். "பைத்தியமா உனக்கு? ஒரு தடவை தப்பா அடிச்சிட்டு மூணு வருஷம் நான் தூங்கல."

"அப்போ தெரியாம அடிச்சீங்க. இப்போ நான் கேக்கறேன். அவங்க மூணு பேரும் அங்க இருக்காங்கக்கா. நான் இங்க இருந்து என்ன பண்ணப் போறேன்?"

அக்கா கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டாள். பிறகு ஒவ்வோர் எழுத்தாக, வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே அடித்தாள். துறைத் தலைவர் படிக்காமல் கையெழுத்துப் போட்டார்.

அதற்கப்புறம் இருபத்தாறு வருடம். துறை புதுக் கட்டடத்துக்குப் போயிற்று, அக்கா ஓய்வு பெற்றாள், வில்லனும் எதிரொலியும் கல்யாணம் செய்துகொண்டு அதே தெருவில் வீடு பிடித்தார்கள். சண்டை போட்டால் வாய் அசைவதைப் பார்த்து அக்கம்பக்கத்தார் முதலிலேயே காதைத் தீட்டிக்கொள்ள வசதியாக இருந்தது. பால்காரன் மணி அடித்துவிட்டுக் கொஞ்சம் நின்று பார்ப்பான், மற்ற வீடுகளில் நிற்க மாட்டான். நான்கு பேரும் இப்போதும் வருடத்துக்கு முப்பது இடத்தில் வாசிக்கிறார்கள். வில் இறங்கியதும் அரங்கில் ஒன்றும் கேட்காது. புதிதாக வந்தவர்கள் பக்கத்து நாற்காலிக்காரரைத் திரும்பிப் பார்ப்பார்கள். பழகியவர்கள் கண்ணை ஒருமுறை இமைத்துவிட்டுக் கேட்கத் தொடங்குவார்கள்.