கீழ்த்தோட்டத்துச் சம்மதம்

அரசாங்கத்தின் கல்சுவர்த் திட்டம் ஊருக்கெல்லாம் தெரிந்த பிறகுதான் நல்லசாமிக்குத் தெரிந்தது. மலையூரான கேத்தியில் காரட் போடுகிற அத்தனை பேரும் ஒரு வாட்ஸ்அப் குழுவில் இருந்தார்கள். விலை, மழை, மானியம் எல்லாம் அதில்தான் வரும். இவரை யாரும் அதில் சேர்க்கவில்லை. சேர்த்துக்கொள்ளுங்கள் என்று இவரும் யார் வாசலிலும் போய் நிற்கவில்லை. பிள்ளை இல்லை. மனைவி போய்ச் சேர்ந்த பிறகு பேசுவதையே விட்டுவிட்ட மனிதர்.

சரிவில் முக்கால் ஏக்கர் அவருடையது. போன மழையில் மேல்பாத்தி பிளந்து காரட்டோடு கீழே வந்துவிட்டது. வீடும் அதே சரிவில்தான் இருந்தது, இன்னொரு மழைக்குத் தாங்காது. மண் சரியாமல் கல்சுவர் கட்ட அரசாங்கம் பாதிச் செலவு தருகிறதாம். பஸ்ஸில் முன்சீட்டு ஆட்கள் பேசியது காதில் விழுந்தது. எந்த ஆபீஸ் என்று அவர்களையே கேட்டிருக்கலாம். வீம்பு விட்டால்தானே? வருஷா வருஷம் விதை வாங்கும் ஆபீஸுக்கே போய் அரை நாள் உட்கார்ந்திருந்தார். விதைக்குத்தான் இது, சுவருக்கு வேளாண் பொறியியல் ஆபீஸ் என்றார்கள்.

மறுநாள் அங்கே போனார். பெண் அதிகாரி ஒருவர் சிட்டா, அடங்கல் எல்லாம் பொறுமையாகப் பார்த்துவிட்டு ஒரு தாளை நீட்டினார். சுவருக்குப் பின்னால் தேங்கும் தண்ணீரைக் கீழ்த்தோட்டம் வழியாக ஓடையில் விட வேண்டும். அதற்குக் கீழ்த்தோட்டத்துக்காரர் கையெழுத்து வேண்டும். வெள்ளிக்கிழமை கடைசி நாள்.

கீழ்த்தோட்டம் லூயிஸுடையது. இருவரும் பேசிப் பதினோரு வருஷம் ஆகிறது.

அந்தச் சரிவில் ஒரு வழக்கம் உண்டு. மழையில் கீழே இறங்கிய மண்ணை வெயில் வந்ததும் மேல்தோட்டத்துக்காரர் கூடையில் அள்ளிக்கொண்டு போகலாம். ஆனால் கீழே இருப்பவரிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். நல்லசாமி அந்த வருஷம் கேட்காமல் அள்ளினார். லூயிஸ் எருப் போட்டு வைத்திருந்த மண்ணும் சேர்ந்து போய்விட்டது. லூயிஸ் வந்து கேட்டதற்கு, என் மண் எதுவென்று எனக்குத் தெரியும் என்றார் நல்லசாமி. தப்பு முழுக்க இவருடையதுதான்.

வியாழக்கிழமை சாயங்காலம் இறங்கிப் போனார். லூயிஸ் பழசைக் கிளறினால் என்ன பதில் சொல்வது, முடியாது என்றால் எப்படி மடக்குவது என்று வழியெல்லாம் பேச்சைத் தயார் செய்துகொண்டே போனார். எதுவும் தேவைப்படவில்லை. லூயிஸ் நாற்காலியை இழுத்துப் போட்டார். தாளை வாங்கி, கண்ணாடிகூடப் போடாமல் கையெழுத்துப் போட்டார்.

“படிச்சுப் பாக்கலீங்களா லூயிஸண்ணா?”

“படிச்சு என்ன பண்றது? கோயமுத்தூர்ல மக ஊட்டுக்கே போயிர்றேன் நல்லசாமி. ஞாயித்துக்கிழமை வண்டி வருது. இந்த முட்டி இனி மேடு ஏறாது. தோட்டம் சும்மா கெடக்கட்டும்.”

அப்போதுதான் சுவரோரம் கயிறு கட்டி வைத்திருந்த பெட்டிகள் நல்லசாமியின் கண்ணில் பட்டன. கையெழுத்து கிடைத்துவிட்டது, வீடு தப்பித்தது. ஆனாலும் நாற்காலியை விட்டு எழவில்லை. இந்தப் பதினோரு வருஷமும் லூயிஸ் காலையில் தோட்டத்துக்கு வந்ததும் மேலே பார்த்து நாலு வார்த்தை திட்டிவிட்டுத்தான் மண்வெட்டியை எடுப்பார். திட்டுவதற்காகவாவது தன்னைத் தினமும் நினைத்த ஒரே ஆள் அவர்தான்.

“போகாதீங்கண்ணா.”

லூயிஸ் அவரை நிமிர்ந்து பார்த்தார். “இங்க எனக்கு ஆரப்பா இருக்கா?”

நான் இருக்கிறேன் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. பதினோரு வருஷமாக இல்லாத ஆள் அதை எந்த முகத்தோடு சொல்வது? தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை காலையில் ஆபீஸ் திறக்கும் முன்பே போய் நின்றார். அதிகாரி எல்லாவற்றையும் சரிபார்த்து, மழைக்கு முன்னால் வேலை தொடங்கிவிடும் என்று நல்ல வார்த்தை சொன்னார். கடைசியாக ஒரு கட்டம் மட்டும் காலியாக இருந்தது. இவர் போன் எடுக்காவிட்டால் கூப்பிட இன்னொருவர் பெயரும் நம்பரும் வேண்டும், வீட்டாளோ பக்கத்துத் தோட்டத்து ஆளோ யாராக இருந்தாலும் சரி என்றார்.

நல்லசாமி அந்தக் காலிக் கட்டத்தைப் பார்த்தார்.

“ஞாயித்துக்கிழமை வரைக்கும் ஒருத்தரு இருக்காருங்க” என்றார்.