மாப்பிள்ளையின் சிகரெட்

தலைவரின் பார்வை மங்கிவருவதைப் பற்றி அந்தப் படகில் யாரும் வாய் திறக்கக் கூடாது. இப்படியொரு விதியை எவரும் வகுத்ததில்லை; ஆயினும் சமையலைக் கவனிக்கும் மகளும், இயந்திரத்தைக் கவனிக்கும் மருமகனும் அதைப் பிசகாமல் கடைப்பிடித்தார்கள். கண் போயிற்றென்றால் படகைத் திருப்பும் சுக்கான் அவர் கையைவிட்டுப் போகும். சுக்கான் போனபின் அவர் என்ன ஆவார் என்று எண்ணிப் பார்க்க இருவருக்கும் துணிவில்லை.

விதிக்குத் துணையாக ஒரு நடைமுறையும் உருவாகியிருந்தது. படகைக் கரையோடு கட்டிய கயிறுகளை அவர் சோதித்துத் திரும்பியதும், மருமகன் சிகரெட் பிடிக்கப் போவதாகச் சொல்லி வெளியேறி, அதே கயிறுகளை மறுபடி சோதிப்பான். புகை அவனுக்கு ஆகாது. ஆனாலும் மாமனாரிடம் அவன் சம்பாதித்திருந்த பெயர் புகைவண்டி.

அன்று காலையிலிருந்தே குளிர்காலப் புயல். படகு துறைச்சுவரில் மோதுவதும் விலகுவதுமாக இருந்தது. வழக்கமாக அவர் வெறுங்கையால் கயிற்றைத் தடவுவார். கண்ணின் வேலையில் பாதியை விரல்கள் செய்துவிடும். அன்று குளிருக்காகக் கம்பளிக் கையுறை மாட்டியிருந்தார்.

"கல்லு மாதிரி நிக்குது" என்றபடி உள்ளே வந்து அடுப்பருகே உட்கார்ந்தார்.

மருமகன் எழுந்தான்.

"இந்தக் காத்துலயா மாப்பிள்ளை? ஒரு நாள் விட்டா உயிரா போயிடும்?"

"வாய் நமநமங்குது மாமா."

"புகைவண்டி கிளம்பிருச்சு. வழிய விடும்மா."

மகள் வட்டச் சன்னல் வழியே பார்த்தாள். முன்கயிறு, படகின் விளிம்பில் உரசும் இடத்தில் பாதி இழைகள் அறுந்து, காற்றில் துடித்துக்கொண்டிருந்தது. கணவன் வேறொரு கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு கரைக்குத் தாவி, இரும்புத் தூணில் கட்டினான். திரும்பித் தாவுகையில் படகு விலகியது. ஒரு கால் சுவருக்கும் படகுக்கும் நடுவே இறங்கிற்று. அலை படகைச் சுவரோடு சேர்த்து அறையுமுன் காலை இழுத்துக்கொண்டான்.

உள்ளே வந்தபோது முழங்காலிலிருந்து ரத்தம் வழிந்தது. சட்டைப்பையில் சிகரெட் பெட்டி கூழாகியிருந்தது.

"பத்திக்கிச்சா?" என்றார் மாமனார், அந்த முழங்காலுக்கு நேரே முகத்தை வைத்துக்கொண்டு.

"ஏதோ, ரெண்டு இழுப்பு."

அவர் சிரித்தார். மகள் துணியைக் கிழித்துக் காயத்தைக் கட்டினாள். அதையும் அவர் கவனிக்கவில்லை. சற்றைக்கெல்லாம் மழைக்கோட்டை எடுத்தார்.

"பின்கயிற ஒரு தடவ பாத்துட்டு வந்துடறேன்."

மருமகனின் கை தானாகவே சட்டைப்பைக்குப் போயிற்று. மகள் எழுந்து கதவை மறித்து நின்றாள்.

"உக்காருங்கப்பா."

"என்னம்மா?"

"உங்களுக்குக் கண்ணு தெரியலப்பா. நீங்க பாத்துட்டு வர்ற ஒவ்வொரு கயிறையும் இவரு திரும்பப் போய்ப் பாக்கறாரு. இவருக்கு சிகரெட் நாத்தமே ஆகாது."