புழுதி பறந்த எண்ணூறு அடி

என் பித்தப்பையை எடுத்து ஐம்பது நாளாகிறது. வலி போய்விட்டது. ஆனால் இனி என்ன தின்பது என்ற குழப்பம் வந்து உட்கார்ந்துகொண்டது. பக்கத்து வீட்டுக்காரர் எண்ணெயைக் கண்ணால் பார்க்காதே என்றார். மச்சான் கல்லைத் தின்றாலும் செரிக்கும் என்றான். மனைவி மைதிலி இரண்டு பேர் பேச்சையும் கேட்டு, ஒரு நாள் கஞ்சியும் ஒரு நாள் கறியுமாகப் போட்டாள்.

டாக்டர் மட்டும் விளங்கும்படி சொன்னார். பித்தத்தைச் சுரப்பது ஈரல். பை வெறும் தொட்டி. தொட்டி போனதால் மோட்டார் தண்ணீர் நேராக வாய்க்காலில் ஓடுகிறது. அதனால் நாள் முழுக்கப் பட்டினி கிடந்துவிட்டு ஒரேயடியாகத் தின்னாமல், கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட வேண்டும். தண்ணீருக்குப் போர் போடுகிற எனக்கு இதுகூடவா புரியாது? என் தொழிலுக்குத்தான் புரியவில்லை.

திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியில் லீவர் பிடிப்பவன் நான். பூஜை போட்டு லீவரைத் தொட்டுவிட்டால், தண்ணீரைக் காணும்வரை பல்லில் பச்சைத் தண்ணீர் படக் கூடாது என்பது எங்கள் வண்டி வழக்கம். லீவர் பிடித்த பதினெட்டு வருஷமும் அப்படித்தான் இருந்தேன். ஆபரேஷனுக்குப் பிறகு போட்ட முதல் போரிலும் அப்படியே இருந்து, சாயங்காலம் கறிச்சோற்றை அள்ளிப் போட்டேன். அரை மணி நேரத்தில் மூன்று முறை சோளக்காட்டுக்குள் ஓடினேன். மானம் போயிற்று.

"ஏப்பா நாச்சிமுத்து, திங்கக்கெழம வண்டி ராய்ப்பூர் போவுது. ஆறு மாசம். இப்புடி ஓடீட்டிருந்தா லீவர யாரு புடிக்கறது?" என்றார் முதலாளி கந்தப்பன். "நாளைக்கு மல்லசமுத்திரத்துல ஒரு போர் பாயிண்ட் இருக்குது. அதுல உன்னயப் பாத்துட்டுச் சொல்றேன்."

மறுநாள் காலையில் மைதிலி நாலு இட்லி கட்டிக் கொடுத்தாள்.

"வழக்கமாவது மண்ணாங்கட்டியாவது! பத்து மணிக்கு ரெண்டு, ஒரு மணிக்கு ரெண்டு. தின்னுபோடுங்க."

நிலம் சாலம்மாள் என்ற பெண்ணுடையது. இரண்டு ஏக்கர் மரவள்ளி காய்ந்து நின்றது. இருநூறு அடி இறங்கியபோது மணி பத்து. ஒரு கை லீவரில் இருக்க, மறு கையால் இட்லியை வாயில் வைத்தேன். ஆட்கள் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். கந்தப்பன் முகம் சுண்டிப்போனது. மிச்சத்தை ஒரு மணிக்குத் தின்றேன். வயிறு சத்தமே போடவில்லை. ஐம்பது நாளில் முதல் முறையாக அது என் சொல் கேட்டது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஆனால் எண்ணூறு அடிக்கும் புழுதிதான் பறந்தது. ஈரமே இல்லை.

வண்டி வழக்கத்தை ஆட்கள் பேசிக்கொண்டது காதில் விழுந்திருக்க வேண்டும், சாலம்மாள் கிட்டே வந்தாள். அவள் குரலில் கோபம் இல்லை.

"சாமி, நீங்க சாப்புட்டதுக்கும் தண்ணி வராததுக்கும் சம்மந்தம் ஏதும் இல்லீங்களே?"

கந்தப்பன் என் பக்கம் திரும்பினார்.

"சொல்லுப்பா," என்றார். "இல்லைன்னு அந்தம்மா மூஞ்சியப் பாத்து அடிச்சுச் சொல்லு. திங்கக்கெழம லீவரு உனக்குத்தான்."

பட்டினி கிடந்து போட்ட எத்தனையோ குழிகளில் புழுதி பறந்ததை நானே பார்த்திருக்கிறேன். டாக்டர் சொன்னதும் சரிதான், என் வயிறே சாட்சி. எல்லாம் தெரிந்தும் சாலம்மாளின் முகத்தைப் பார்த்ததும் எனக்கு எதுவும் நிச்சயமாகத் தெரியவில்லை. 'இல்லை' என்ற ஒரு வார்த்தைதான். அது வரவில்லை.

லீவரையும் ராய்ப்பூரையும் விட்டுவிட்டு, பைப் ஏற்றும் லாரியில் கூலியாட்களோடு போய் ஏறிக்கொண்டேன்.