முன்பாரத்துக்கு நாலு பேர்

மட்டக்களப்பு ரயில் நிலையத்தின் சரக்கு முற்றத்தில் காலை ஏழு மணிக்கே எல்லாருடைய முதுகும் நனைந்துவிட்டது. கொழும்பிலிருந்து வந்த சரக்குப் பெட்டியின் வாசலில் இரண்டு பாலை மரங்களைச் சரிவாகப் போட்டு, அதன்மேல் உருளைக் கட்டைகளை வைத்து, வண்டில்காரர் ஹலீமும் அவருடைய ஆட்கள் மூவரும் ஒரு நெல் ஆலை எஞ்சினைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கிக்கொண்டிருந்தார்கள். முப்பது அந்தர், அதாவது ஒன்றரைத் தொன் நிறை. அதன் ஒரு பக்கத்தில் நெஞ்சுயரத்துக்கு ஓர் இரும்புச் சக்கரச் சில்லு. அலவாங்குக் கடப்பாரையை ஒருவர் ஊன்ற, ஒருவர் கட்டையை மாற்ற, “ஏலோ, தள்ளு!” என்று ஹலீம் குரல் கொடுக்க, எஞ்சின் ஒரு சாண் நகரும், பிறகு எல்லாரும் மூச்சு வாங்குவார்கள்.

எஞ்சின் காத்தான்குடி முகைதீன்பாவா முதலாளியுடையது. 1937ஆம் ஆண்டின் மாசி மாதம் அது. வயல் வட்டைகளில் வேளாண்மை வெட்டுத் தொடங்கியிருந்தது. அக்கரைப்பற்றில் முதலாளி கட்டிய ஆலைக்குக் கூரை போட்டாயிற்று. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு ஆலை ஓடும் என்று ஊருக்கெல்லாம் சொல்லியும் ஆயிற்று. அன்று புதன்கிழமை. எஞ்சினைப் பூட்ட வந்த கொழும்புக்காரர் அங்கே பாயைப் போட்டுக்கொண்டு காத்திருந்தார். இடையில் நாற்பது மைல் தெரு.

முதலாளியிடம் இருந்தது நடுத்தரமான ஒரு லொறி. அதன் முதுகு ஒரு தொன்னுக்கு மேல் தாங்காது. ஆகவே பழைய அச்சு ஒன்றின்மேல் பலகைத் தட்டு அடித்து, லொறிக்குப் பின்னால் கொளுவி இழுக்க இரண்டு சில்லு ட்ரெய்லர் ஒன்றைச் செய்வித்திருந்தார். அதை இழுக்கவேண்டியவர் யூஸ்டஸ். பட்டினத்துப் பறங்கியர் குடும்பத்தில் பிறந்தவர். கொல்லுப்பட்டறையில் கை பழகி, பன்னிரண்டு வருடமாக லொறி ஓட்டுபவர். ‘யூஸ்டஸ் பாஸ்’ என்றால்தான் ஊருக்குத் தெரியும்.

எஞ்சின் ட்ரெய்லரில் ஏறி, வடக்கயிற்றால் இறுக்கப்பட்டு, படங்குத் துணியும் போர்த்தப்பட்டது. கீறல் விழாமல் இருக்க அடியில் ஆறு சாக்கு மடித்து வைத்திருந்தார்கள். ஹலீம் முன்னால் வந்து, லொறியில் கொளுவும் இழுவைத் தண்டின் நுனியை ஒற்றை விரலால் தூக்கிக் காட்டினார்.

“பாருங்க பாஸ். முப்பது அந்தர் ஏத்தியிரிக்கன். ஒத்த விரல்!”

யூஸ்டஸ் தண்டைத் தொட்டுப் பார்த்தார். விரலை எடுத்ததும் அது தானாகவே மேலே எழும்பியது. பாரம் அச்சுக்குப் பின்னால் விழுந்திருந்தது.

“காக்கா, இது பிழை.” ஹலீமை அண்ணன் முறை சொல்லித்தான் அவர் கூப்பிடுவார். “எஞ்சினை ஒரு முழம் முன்னுக்குத் தள்ளணும். தண்டு லொறியில அமந்து இரிக்கணும்.”

“முன்பாரம் ஏத்தச் சொல்றீங்களா?” ஹலீம் தன் ஆட்களைத் திரும்பிப் பார்த்தார். “முப்பது வருசம் வண்டில் கட்டுறன். எண்ட மாட்டுட கழுத்தில ஒரு தழும்பு இரிக்கா கேட்டுப் பாருங்க.”

“இது மாடு இல்ல காக்கா. மாட்டுக்குப் பாரம் லேசா இரிந்தா நல்லம். லொறிக்கு அப்பிடி இல்ல. பின்பாரம் கூடினா ட்ரெய்லர் வாலை ஆட்டும். லொறிட குண்டியைத் தூக்கும். மறுகா சில்லு நிலத்தைப் பிடிக்காது.”

“வாலை ஆட்டுமா! அப்ப இதுவும் மாடுதானே?” என்றான் மஜீட். அவன் ஹலீமின் ஆட்களில் ஒருவன், அவருடைய தங்கையைக் கட்டியவன். பேச்சிலும் சுமையிலும் முன்னுக்கு நிற்பவன். முற்றமே சிரித்தது. யூஸ்டஸும் வேண்டாவெறுப்பாகச் சிரித்தார்.

பக்கத்தில் நின்ற முகைதீன்பாவா முதலாளி சிரிக்கவில்லை. சட்டைப்பையிலிருந்து மணிக்கூட்டை எடுத்துப் பார்த்தார். கயிற்றை அவிழ்த்து, எஞ்சினை முன்னுக்குத் தள்ளி, திரும்பவும் கட்டுவதென்றால் பகல் போய்விடும்.

“முன்னுக்குப் பாரம் காணாது. அவ்வளவுதானே யூஸ்டஸ்?” என்றார். “இறக்கிறத்துக்கு எப்பிடியும் ஆள் வேணும். நாலு பேரும் முன் தட்டில ஏறி இரிங்க. பாரமும் சரி, பயணமும் சரி.”

நால்வரும் ஏறினார்கள். மஜீட் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்து, “ரயிலுக்கு எண்டா டிக்கட் வேணும்” என்று சந்தோஷப்பட்டான். தண்டு தாழ்ந்து லொறியின் கொளுக்கியில் அமர்ந்தது. ஹலீம் ஆணியைச் செருகினார்.

யூஸ்டஸ் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். நாலு பேருடைய நிறை நாலரை அந்தர் வரும், கணக்குச் சரிதான். ஆனால் லொறிக்கும் ட்ரெய்லரின் சில்லுக்கும் நடுவில், பிடிக்க ஒரு கம்பி இல்லாமல், நாலு உயிர் இருக்கிறது என்பதும் அவருக்குத் தெரிந்தது. சொல்ல வாய் எடுத்தார். முற்றத்தின் சிரிப்பு இன்னும் முழுதாக ஓயவில்லை. முதலாளி மணிக்கூட்டை மூடிப் பையில் போட்டுவிட்டார். “மெதுவாப் போவம்” என்று மட்டும் சொல்லிவிட்டு யூஸ்டஸ் ஏறி உட்கார்ந்தார். முதலாளி பக்கத்து இருக்கையில் ஏறிக்கொண்டார்.

கல்லடிப் பாலத்தை நடைவேகத்தில் கடந்தார்கள். காத்தான்குடிக் கடைத்தெருவில் முதலாளிக்கு ஸலாம் சொன்னவர்கள் ட்ரெய்லரில் இருந்தவர்களுக்கும் கை காட்டினார்கள். மணிக்குப் பன்னிரண்டு மைலுக்கு மேல் யூஸ்டஸ் போகவில்லை. களுவாஞ்சிக்குடியை அடையும்போது உச்சி வெயில். லொறியின் ரேடியேட்டர் மூடியிலிருந்து ஆவி சீறியது. தெருவோரத்தில் சீதேவிப்பிள்ளையின் தேத்தண்ணிக் கடைக்கு முன்னால் நிறுத்தி, கிணற்றிலிருந்து வாளி வாளியாகத் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார்கள்.

சீதேவிப்பிள்ளை கிளாசுகளை நீட்டிக்கொண்டே ட்ரெய்லரைச் சுற்றி ஒரு நடை நடந்து பார்த்தாள்.

“இதென்ன சாமான் முதலாளி, பொண்ணு மாதிரிப் போத்து மூடி?”

“மில் எஞ்சின் புள்ள. சீமையில இரிந்து வந்தது.”

“அதான் கயித்தால கட்டி, கீழ சாக்கும் போட்டிரிக்கு. இவங்களை எதால கட்டியிரிக்கு?”

“எங்களைக் கட்ட வேறொருத்தி இரிக்கா அக்கா, ஊட்டில!” என்றான் மஜீட். எல்லாரும் சிரித்தார்கள். சீதேவிப்பிள்ளையும் சிரித்தாள். யூஸ்டஸ் மட்டும் பாதியில் கிளாசை வைத்துவிட்டு எழுந்தார்.

அதற்குப் பிறகு தெரு நேராகக் கிடந்தது. இரண்டு பக்கமும் தென்னை. ஆனால் உச்சி வெயிலில் தென்னையின் நிழல் தன் காலடியிலேயே விழுந்து கிடந்தது.

“இப்பிடி ஊர்ந்தா பொழுது சாஞ்சுதான் போய்ச் சேருவம். அஸர் தொழுகைக்கு முந்திப் போகணும். கொஞ்சம் சுறுக்கா உடுங்க,” என்றார் முதலாளி. தெரு நல்லது, எதிரே வண்டில்கூட இல்லை. யூஸ்டஸ் பதினைந்துக்குப் போனார். பிறகு இருபது. பிறகு அதற்கும் கொஞ்சம் மேலே.

பின்னால் நடந்தது அவருக்குத் தெரியாது. முன் தட்டின் இரும்பு விளிம்பு, உட்கார முடியாத அளவுக்குச் சுட்டது. எஞ்சினுக்குப் பின்னால், வெளியே நீண்ட படங்கின் அடியில், இரண்டு முழ நிழல் இருந்தது. முதலில் ஓர் ஆள் எழும்பிப் போனார். அவர் அங்கே காலை நீட்டிச் சாய்ந்ததைக் கண்டு இன்னொருவர். “மச்சான், தொடை வேகுது” என்று மஜீட் சொன்னபோது ஹலீமும் “போ, கொஞ்சம் இரிந்துட்டு வா” என்றார். அவரவருக்கு அவரவர் நிறைதான் நினைவில் இருந்தது. மூன்று பேருடைய நிறையும் சேர்ந்து பின்னால் போய்விட்டதை யாரும் எண்ணவில்லை.

யூஸ்டஸ் அதை முதுகில் உணர்ந்தார். லொறியின் பின்புறம் லேசாகியது. பிறகு யாரோ அதைப் பிடித்து இடப்பக்கம் இழுத்ததுபோல, அடுத்து வலப்பக்கம். ஒவ்வொரு ஆட்டமும் முந்தியதைவிடப் பெரிதாக வந்தது.

“பிரேக்கைப் பிடியுங்க!” என்று கத்தினார் முதலாளி.

யூஸ்டஸ் பிரேக்கைத் தொடவில்லை. தொட்டால் ட்ரெய்லர் லொறியையே சுற்றிக்கொண்டு வந்துவிடும். வேகத்தை மட்டும் மெல்லக் குறைத்து, ஸ்டியரிங்கை நேராக இறுக்கிப் பிடித்தார். பின்னால் ஹலீமின் குரல் கேட்டது: “முன்னுக்கு வாங்கடா! எல்லாரும் முன்னுக்கு!”

மற்ற இருவரும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அசையாமல் இருந்துவிட்டார்கள். மஜீட் எழும்பினான். எஞ்சினுக்கும் விளிம்புக்கும் இடையில் ஒரு பாதம் வைக்கத்தான் இடம். அதில் அவன் முன்னுக்கு ஓடினான். தட்டின் முனையை அவன் எட்டியபோது ட்ரெய்லர் கடைசி முறையாக வாலை வீசியது.

லொறி நின்றபோது மஜீட் இருபது கஜம் பின்னால் தெருவில் கிடந்தான். அவனுடைய இடது பாதத்தின் மேல் சில்லு ஏறிப் போயிருந்தது.

ஹலீம் தலைப்பாகையை அவிழ்த்து முழங்காலுக்குக் கீழே இறுக்கிக் கட்டினார். துணி கட்டக் கட்டச் சிவந்தது. ஆஸ்பத்திரி தெற்கே எட்டு மைல். ட்ரெய்லரோடு போனால் ஒரு மணித்தியாலத்துக்கு மேல். வெறும் லொறி என்றால் கால் மணித்தியாலம்.

“கொளுக்கியைக் கழட்டணும்,” என்றார் யூஸ்டஸ்.

முகைதீன்பாவா ட்ரெய்லரைப் பார்த்தார். கழற்றினால் பின்பாரத்தில் அது மல்லாந்துவிடும். முட்டுக் கொடுக்க மரம் வெட்டி வர நேரமில்லை. அவர் கல்நெஞ்சக்காரர் அல்லர். மஜீடின் கல்யாணத்துக்குப் பந்தல் போட்டுக் கொடுத்தவர். ஆனால் ஒன்றரை வருடமாக அந்த எஞ்சினையே நினைத்துக்கொண்டு படுத்தெழும்பியவர். வாயில் வந்தது இதுதான்:

“ரெண்டு பேர் முன்னுக்கு ஏறி இரிந்தா அது அப்பிடியே நிக்குமே…”

ஹலீம் மஜீடின் தலையை மடியிலிருந்து மெல்ல இறக்கி வைத்துவிட்டு எழுந்தார்.

“ஒருத்தரும் ஏறமாட்டாங்க முதலாளி.”

அலவாங்கை எடுத்து, தான் காலையில் செருகிய ஆணியைத் தானே தட்டிக் கழற்றினார். தண்டு வானத்துக்கு எழும்பியது. எஞ்சின் பின்னுக்குச் சரிந்து, கயிறு அறுந்து, பெரிய சில்லு கல்தெருவில் மோதிப் பிளந்தது. முகைதீன்பாவா கண்ணை மூடிக்கொண்டார். மஜீடைத் தூக்கி ஏற்றிக்கொண்டு லொறி அதற்குள் புறப்பட்டிருந்தது. அவர் ஓடிப்போய்த்தான் தொற்றிக்கொள்ள வேண்டியிருந்தது.

டொக்டர் வெளியே வந்தபோது மாலை நான்கு மணி. பாதத்தை எடுத்தாகிவிட்டது, ஆள் பிழைப்பான், இன்னும் பிந்தியிருந்தால் ஆளே இல்லை என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். ஹலீம் சுவரோடு சாய்ந்து அழுதார். கொஞ்ச நேரத்தில், ஊரார் ‘ராளாமி’ என்று அழைக்கும் பொலிஸ் கொன்ஸ்தாபல் ஒருவர் சைக்கிளில் வந்து, விறாந்தையின் வாங்குப் பலகையில் உட்கார்ந்து, குறிப்புப் புத்தகத்தைத் திறந்தார்.

“எப்பிடி நடந்தது?”

“நிழலில இரிந்து நித்திரை தூங்கி விழுந்திட்டான்,” என்றார் முகைதீன்பாவா. “அல்லாட நாட்டம். நாம என்ன செய்யலாம்?”

கொன்ஸ்தாபல் அதை எழுதினார். பிறகு யூஸ்டஸைப் பார்த்தார். “நீங்கதானே ட்ரைவர்? அப்பிடித்தானே?”

தலையை ஆட்டினால் போதும். காலையில் செய்ததுபோல ஒன்றும் சொல்லாமல் இருந்தாலும் போதும். உள்ளே மயக்கம் தெளியாத மஜீடின் முனகல் கேட்டது.

“இல்ல,” என்றார் யூஸ்டஸ். “அவன் நித்திரை கொள்ளல்ல. ட்ரெய்லர் ஆடினப்ப, முன்னுக்குப் பாரம் வேணும் எண்டு ஓடி வந்தவன். அவனை அந்த வேலைக்குத்தான் ஏத்தினது. எஞ்சினைத் தள்ளி வைக்க அரை நாள் செல்லும் எண்டு, நாலு பேரை முன்பாரமா வெச்சம். அது பிழை எண்டு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் நான் வாயைத் திறக்கல்ல. முதலாளி கோவிப்பார் எண்டும் இல்ல, நாலு பேர் சிரிச்சாங்க எண்டு. அதையும் எழுதுங்க.”

கொன்ஸ்தாபலின் பென்சில் தயங்கியது. அவர் முதலாளியின் முகத்தைப் பார்த்தார்.

“பாரம் காணாட்டி மண்மூட்டை ஏத்தியிரிக்கணும்,” என்றார் யூஸ்டஸ். குரல் உயரவில்லை. “மண்மூட்டைக்கு வெயில் சுடாது முதலாளி. மனுசனுக்குச் சுடும். மனுசனை மூட்டையாக் கணக்குப் பாக்கிறது பாவம். பாத்திட்டுச் சும்மா இரிக்கிறது அதைவிடப் பாவம்.”

உள்ளேயிருந்து மஜீட் யாரையோ கூப்பிட்டான். ஹலீம் எழுந்து ஓடினார். முகைதீன்பாவாவும் எழுந்தார், இரண்டு அடி வைத்தவர் திரும்பி வந்து, புத்தகத்தில் தான் சொல்லி எழுதிய வரியின்மேல் விரலை வைத்தார்.

“நித்திரை தூங்கினான் எண்டதை வெட்டுங்க, ராளாமி,” என்றார். “நான்தான் ஏறி இரிக்கச் சொன்னன் எண்டு எழுதுங்க. எண்ட பேரைச் சரியா எழுதுங்க.”