நாற்பது நிமிஷம்

எதிரி வளர்ந்தால் பொறுத்துக்கொள்ளலாம், அது அரசியல். சகலை வளர்ந்தால் முடியாது. அவனுடைய வளர்ச்சியை நம் வீட்டுச் சமையலறையிலேயே தராசில் வைத்து நிறுத்துக் காட்டுவார்கள்.

நான் பத்தாவது வார்டு கவுன்சிலர். கடைவீதி முழுக்க என் வார்டுதான். அதில் பாத்திரக்கடை என்னுடையது. என் மனைவியின் தங்கையைக் கட்டியவன் பதினோராவது வார்டு கவுன்சிலர். ஊர் அவனை ‘டார்ச்’ என்று கூப்பிடும். பொழுது சாய்ந்ததும் கையில் டார்ச்சோடு கிளம்பி, எந்தக் கம்பத்தில் விளக்கு எரியவில்லை என்று குறித்து வருவான். விளக்கு எரிகிறதா என்று பார்க்க இன்னொரு விளக்கு எதற்கு என்று ஒருமுறை நகராட்சிக் கூட்டத்திலேயே கேட்டேன். சபை சிரித்தது. அவனும் கூடச் சிரித்துவிட்டு, “கம்பத்து நம்பரைப் படிக்கணும்ல அண்ணே” என்றான். சிரிப்பு அப்படியே என் பக்கம் திரும்பிவிட்டது.

இரண்டு வார்டுக்கும் நடுவில் ஒரு சாக்கடை. அவன் பக்கத்துக்கு மூடி வந்துவிட்டது, என் பக்கத்துக்கு வரவில்லை. தங்கை வீட்டுக்குப் போய்த் திரும்பும்போதெல்லாம் என் மனைவி, அங்கே தரையைப் பார்க்காமலே நடக்கலாம் என்று பொதுவாகச் சொல்லிவைப்பாள். யாரையும் குறிப்பிட்டுச் சொல்ல மாட்டாள். குறிப்பிட்டுத் திட்டினாலாவது பதில் பேசலாம்.

இந்த நிலைமையில்தான் மெத்தைக்கடை எரிந்தது. பட்டப்பகல். உயிர் போகவில்லை, பஞ்சு போயிற்று. கடைக்காரருடைய இரண்டு புருவமும் போயிற்று. தீயணைப்பு வண்டி ஊரின் மறு கோடியிலிருந்து வந்து சேரப் பதினெட்டு நிமிஷம் ஆனது. எதிரே செருப்புக்கடைக்காரர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். அவர் உதவி என்று செய்தது அது ஒன்றுதான்.

அடுத்த மாதமே மேலிடத்திலிருந்து ஓர் உத்தரவு வந்தது. எங்கள் பக்கத்துக்குப் புதிதாக ஒரு சிறிய தீயணைப்பு நிலையம் உண்டு. எந்த வார்டில் என்பதை அதிகாரி பார்த்துச் சொல்வார், நகராட்சி தீர்மானம் போட வேண்டும். மாதம் முடிவதற்குள் தீர்மானம் வராவிட்டால் நிலையம் பக்கத்து ஊருக்குப் போய்விடும்.

எனக்கு அது வேண்டும். கடைவீதிக்கு வேண்டும் என்பது நிஜம். டார்ச்சுக்குக் கிடைக்கக் கூடாது என்பது அதைவிட நிஜம். பழைய கிடங்கு இடம் என் வார்டில் சும்மா கிடந்தது. அவன் வார்டில் தண்ணீர்த்தொட்டி மைதானம் இருந்தது. இரண்டு பேரும் மனு எழுதினோம்.

நாங்கள் கடைக்காரர்கள். நூறு என்று சொன்னால் அறுபதுக்குத் தருவோம் என்று வாங்க வருகிறவனுக்கும் தெரியும். அறுபது என்றே சொன்னால் முப்பதுக்குக் கேட்பான். எங்கள் வீதியில் உண்மை விலை சொல்கிறவன் ஒருவனும் இல்லை; அதனால் அங்கே ஏமாந்தவனும் இல்லை. ஆகவே பதினெட்டு நிமிஷத்தை நாற்பது என்று எழுதினேன். அதிகாரி அடித்துப் பேசி இருபத்தைந்துக்கு வருவார், அங்கே முடித்துக்கொள்ளலாம் என்பது என் கணக்கு. டார்ச் தன் மனுவில் பதினைந்து நிமிஷம் என்று எழுதியிருப்பதாக நகராட்சி எழுத்தர் காதில் போட்டார். உள்ளதை உள்ளபடி எழுதிவைத்திருக்கிறான், இவனெல்லாம் ஒரு குண்டூசியாவது விற்றிருப்பானா என்று நினைத்துக்கொண்டேன். அன்றைக்குச் சாப்பாடு நன்றாக இறங்கியது.

அதிகாரி வந்தார். ஒல்லியான அம்மாள், காக்கி உடுப்பு, கையில் பெரிய வட்டக் கடிகாரம். இரண்டு மனுக்களையும் வரி விடாமல் படித்தார். பேரம் பேசவே இல்லை.

“நாப்பது நிமிஷம்னு எழுதியிருக்கீங்க. புதன்கிழமை பதினோரு மணிக்கு வண்டியை ஓட்டிப் பாத்துடுவோம்.”

“கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கும் மேடம்.”

“எவ்வளவு முன்ன?”

முப்பது வருஷ வியாபாரத்தில் என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. தொண்டையைச் செருமினேன். அவர் அதையும் குறித்துக்கொண்டதுபோல் இருந்தது.

அன்று சாயங்காலம் கடைவீதிக்காரர்கள் என் கடையில் கூடினார்கள். வண்டி பதினெட்டில் வந்து நின்றால் கவுன்சிலர் பொய்யர் என்று ஆகும், வீதிக்கே கேவலம் என்று செருப்புக்கடைக்காரர் எடுத்துக்கொடுத்தார். என்ன செய்வது என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. வியாபாரிகளுக்கு அது தேவையும் இல்லை. புதன்கிழமை காலையில் பார்த்தால் ஒவ்வொரு கடையும் வழக்கமாகத் தெருவில் வைக்கிற சரக்கை இன்னும் ஓரடி முன்னால் தள்ளியிருந்தது. ஜவுளிக்கடைப் பொம்மைகள் நடுத்தெருவுக்கே வந்து நின்றன. நானும் என் ஏணிகளைச் சரிவாகச் சாய்த்து, பிளாஸ்டிக் வாளிக் கொத்துகளைத் தாழ்வாகக் கட்டித் தொங்கவிட்டேன்.

மெத்தைக்கடைக்காரர் மட்டும் தள்ளவில்லை. அவர் கடையில் தள்ளச் சரக்கும் அதிகமில்லை. என்னைக் கூப்பிட்டு, “நான் ஒரு தடவ பாத்தது போதும்ணே” என்றார். புருவம் இன்னும் சரியாக முளைக்காததால் அவர் கோபமாகச் சொன்னாரா, சாதாரணமாகச் சொன்னாரா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. கண்டுபிடிக்க நானும் மெனக்கெடவில்லை.

பதினோரு மணிக்குக் கிளம்பிய வண்டி வீதி மூலைக்கு வந்து மணி அடித்தது. உள்ளே நுழைந்ததும் பொம்மைகள் மறித்தன. பொம்மைகளை எடுக்க ஆளைத் தேடினார்கள். ஆள் டீ குடிக்கப் போயிருந்தான், அனுப்பி வைத்ததே முதலாளிதான். பிறகு செருப்புக்கடைப் பலகை. பிறகு என் ஏணிகள். ஓர் ஏணி வண்டியின் பக்கக் கண்ணாடியில் மாட்டிக்கொண்டு, இழுத்தால் கண்ணாடி வரும், விட்டால் ஏணி வரும் என்று நின்றது. வேர்க்க வேர்க்க நாங்களே உதவியும் செய்தோம், எவ்வளவு மெதுவாகச் செய்ய முடியுமோ அவ்வளவு மெதுவாக. வண்டி என் கடை வாசலில் நின்றபோது நாற்பத்தொரு நிமிஷம்.

வாழ்க்கையில் முதல்முறையாக நான் சொன்ன விலைக்கு மேலேயே சரக்கு போயிருக்கிறது.

“பாத்தீங்களா மேடம்” என்றேன்.

“பாத்தேன். மூலைக்கு வர ஒம்பது நிமிஷம். மூலையிலருந்து உங்க கடை வாசலுக்கு முப்பத்திரெண்டு.” நோட்டை மூடினார். “கிடங்கு இடம் இந்த வீதிக்குள்ளதானே சார் இருக்கு? நிலையத்தை இங்க வச்சா, ஊர்ல எங்க தீப்பிடிச்சாலும் வண்டி வெளிய போகவே அரை மணி நேரம் ஆகும்.”

யானை தன் தலையில் தானே மண் போட்டுக்கொள்ளும் என்பார்கள். யானைக்காவது தும்பிக்கை உண்டு. நான் ஊரைக் கூட்டி வைத்து, ஆள் விட்டு அள்ளிப் போட்டுக்கொண்டேன்.

டார்ச்சின் மைதானத்துக்கு வண்டி போய்ச் சேரப் பதினைந்து நிமிஷம் ஆனது. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. மத்தியானம் வீட்டுக்குப் போனபோது என் மனைவி சோற்றைப் போட்டுக்கொண்டே, “நாப்பத்தியொண்ணாமே” என்றாள். பதினைந்து என்ற எண்ணை அவள் வாயால் சொல்லவில்லை. பரிமாறிய விதத்திலேயே அது இருந்தது.

சாயங்காலம் டார்ச் கடைக்கு வந்தான். கொக்கரிக்கத்தான் வருகிறான் என்று எனக்கு ஒரு சந்தோஷம். திருப்பிக் கொடுக்க நாலு வார்த்தை தீட்டி வைத்திருந்தேன். அவன் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நாளைக் கூட்டத்தில் தீர்மானத்தை நான்தான் முன்மொழிய வேண்டும் என்றான்.

“வண்டி நிக்கிறது எங்க பக்கம்னாலும், அதிகமா ஓடி வரப்போறது உங்க வீதிக்குத்தானே அண்ணே. நீங்க சொன்னாதான் பொருந்தும்.”

முள் எங்கே இருக்கிறது என்று தடவித் தடவிப் பார்த்தேன். நிலையத்தின் வாசல் என் வார்டைப் பார்த்து இருக்க வேண்டும் என்றேன். வரைபடத்திலேயே அப்படித்தான் போட்டிருக்கிறது என்றான். பலகையில் இரண்டு வார்டின் பெயரும் வேண்டும் என்றேன். சரி என்றான். முதல் கேள்விக்கே கொடுத்துவிட்டுப் போகிறவனிடம் வாங்கிய சரக்கு வீட்டுக்கு வந்த பிறகும் உறுத்தும்.

உறுத்தலோடுதான் மறுநாள் சபைக்குப் போனேன். என் பேச்சுக்குக் கை தூக்குகிறவர்கள் நாலு பேர் உண்டு. நான் வேண்டாம் என்றால் அவர்களும் வேண்டாம் என்பார்கள், தீர்மானம் விழுந்துவிடும். நிலையம் பக்கத்து ஊருக்குப் போகும். டார்ச்சுக்குக் கிடைக்காது. தன் மூக்கு போனாலும் எதிரிக்குச் சகுனம் தடைப்பட்டால் சரி என்பவனுக்கு அதைவிட நல்ல முகூர்த்தம் வராது. ‘இன்னும் பரிசீலிக்கலாம்’ என்ற வாக்கியம் நாக்கு நுனியில் செருப்பு மாட்டிக்கொண்டு கிளம்பத் தயாராக நின்றது.

எழுந்தேன். பார்வையாளர் பெஞ்சில் மெத்தைக்கடைக்காரர் உட்கார்ந்திருந்தார். புருவம் இன்னும் பாதிதான் முளைத்திருந்தது. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு அந்த வாக்கியத்தைச் சொல்ல எனக்கு வரவில்லை. பதினோராவது வார்டு மைதானத்தில் நிலையம் அமைய முன்மொழிகிறேன் என்று சொல்லிவிட்டேன். டார்ச் வழிமொழிந்தான்.

அங்கேயே உட்கார்ந்திருக்கலாம். ஆனால் எல்லாரும் அவனைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். வண்டி நுழைய வசதியாகக் கடைவீதியில் இரண்டு பக்கமும் மூன்றடி ஒழிக்க வேண்டும் என்று அதிகாரியின் அறிக்கையில் இருந்தது. நான் மறுபடி எழுந்து, “மூணு எதுக்கு? எங்க வீதி நாலடி விடும்” என்றேன்.

சொன்னதே அடித்துக் குறைக்கத்தான். யாராவது, பாவம், வியாபாரிகள், மூன்று போதும் என்பார்கள். கொடை வள்ளல் என்ற பெயரும் நிற்கும்.

அதிகாரி பேனாவைத் திறந்தார். “நாலடின்னே எழுதிக்கிறேன் சார். நன்றி.”

செருப்புக்கடைக்காரர் எட்டு நாள் என்னோடு பேசவில்லை. நாலடியில் அவருடைய முன்பலகை முழுவதும் போய்விட்டது. என் ஏணிகள் கடைக்குள் வந்து படுத்தன; வாடிக்கைக்காரர்கள் அவற்றைத் தாண்டி வந்தார்கள். வீதியில் சொல்லிச் சொல்லி, கெஞ்சி, மிரட்டி, சில இடங்களில் நானே தூக்கி உள்ளே வைத்து, ஒரு மாதத்தில் நாலடியும் ஒழிந்தது. அந்த மாதம் முழுக்க டார்ச் என்னைப் புகழ்ந்துகொண்டு திரிந்தான். அண்ணனுக்கு இருக்கிற தைரியம் எனக்கு வராது என்று தன் மாமியார் வரை போய்ச் சொல்லியிருக்கிறான். என் மாமியாரும் அவர்தான். நல்ல பெயரைக்கூட அவன் கையால் வாங்க வேண்டியதாயிற்று.

நிலையம் திறந்த வாரத்தில் அந்த அம்மாள் மறுபடி வட்டக் கடிகாரத்தோடு வந்து வண்டியை ஓட்டிப் பார்த்தார். என் கடை வாசலுக்கு நாலு நிமிஷம். மெத்தைக்கடைக்காரர் வெளியே வந்து சக்கரத்தையும் சாலையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

நான் வண்டியின் பக்கத்தில் நெருங்கி, பதினோராவது வார்டிலேயே கடைசித் தெருவுக்கு எவ்வளவு ஆகிறது என்று விசாரித்தேன்.

“ஆறு.”

“ரெண்டையும் ஒரு தாள்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர முடியுமா மேடம்?”

“எதுக்கு சார், ஏதாவது போட்டியா?”

“சேச்சே. சகலை.”

எழுதித் தந்தார். மடிக்காமல் சட்டைப் பையில் வைத்துக் கொண்டுபோய், சாப்பாட்டு மேஜையில் தண்ணீர்ச் செம்புக்கு அடியில் பாதி தெரிகிற மாதிரி வைத்துவிட்டு உட்கார்ந்தேன். என் மனைவி செம்பைத் தூக்கினாள். தாளை எடுத்து இரண்டு முறை படித்தாள்.

“ஆறா? அது சரி” என்று தாளைத் திரும்ப வைத்தாள். “அவரு வார்டு பெருசுல்ல.”