கெளுத்தி விழுங்கிய கோலி

ஜேடர்பாளையம் அணைக்கு மீன் தின்னப் போன நர்மதா, அறுத்த கெளுத்தியின் வயிற்றைப் பார்த்து "ஐயோ, நிறுத்துங்க!" என்று கூவியதில் வறுவல் கடை வரிசையே திரும்பிப் பார்த்தது.

மீன் அறுத்துக்கொண்டிருந்த கடைக்காரி சின்னாயி திடுக்கிட்டுக் கையை எடுத்தாள். குடலுக்குள்ளிருந்து ஒரு கண்ணாடி உருண்டை எட்டிப் பார்த்தது.

"கோலிக்குண்டுங்க. இந்தக் கெளுத்தி கண்டதையும் முழுங்கும். போன மாசம் ஒண்ணு சோப்பு டப்பா மூடிய முழுங்கியிருந்துச்சு."

நர்மதாவுக்கு எடப்பாடியில் மூக்குக்கண்ணாடிக் கடை. ஆனால் கண்ணாடிப் பைத்தியம் மூக்கோடு நிற்கவில்லை. வீட்டில் டிவி இருக்க வேண்டிய அலமாரி முழுக்கக் கோலிகள்தான். "ஆரம்பிச்சுட்டா," என்று அவள் கணவன் அன்பழகன் நாற்காலியில் சாய்ந்துகொண்டான்.

கோலியைக் கழுவி, பையிலிருந்த பூதக்கண்ணாடியை எடுத்தாள். "மிஷின்ல செஞ்சதுன்னா எங்கயும் வழவழன்னு இருக்கும்ங்க அக்கா. கையில செஞ்சதுன்னா, கண்ணாடிக் குச்சியில இருந்து வெட்டுன எடத்துல தழும்பு இருக்கோணும்."

உருட்டிப் பார்த்தாள். வழவழப்பு. இன்னும் வழவழப்பு. சட்டென்று நகம் இடறியது. எதிர்ப்பக்கம் இன்னொரு சொரசொரப்பு. உள்ளே சிவப்பும் வெள்ளையுமாய் நூலிழைகள் முறுக்கிக்கொண்டு ஒரு தழும்பிலிருந்து மறு தழும்புக்கு ஓடின.

"கையில செஞ்சது! நூறு வருசத்துக்குக் கொறையாது!" அவள் குதித்ததில் ஒரு செருப்பு பறந்தது. "அக்கா, எனக்கே குடுத்துருங்க!"

சின்னாயி இடுப்பில் கைவைத்துச் சிரித்தாள். "எம்மீனு வயித்துல கெடச்சதுங்க. ஆடி ஜெயிச்சு எடுத்துக்குங்க."

ஒப்பிட்டுப் பார்க்கவென்று நர்மதா பையில் எப்போதும் புதுக் கோலிகள் கிடக்கும், நடுவில் பச்சை இலை வைத்தவை. அவற்றை வைத்து ஆட்டம்; எதிராளியின் கோலியை அடிப்பவருக்குப் பழங்கோலி. ஆனால் கீறல் விழுமே என்று அவள் இதுவரை ஒரு கோலியைக்கூடத் தரையில் விட்டதில்லை. முதல் அடி அன்பழகனின் கணுக்காலில் பட்டது. இரண்டாவது மிளகாய்ப் பொடிக் கிண்ணத்துக்குள் போனது. சின்னாயி சேலையைச் செருகிக் குந்தி, நடுவிரலை வளைத்து ஒரே சுண்டு. டக்! பழங்கோலியை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"இன்னொரு ஆட்டம்!" என்றாள் நர்மதா. பிறகு இன்னொன்று. மீன் ஆறியது. மீன் தின்ன வந்தவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து கத்தினார்கள். கடைசியில், முழங்காலெல்லாம் மண்ணாகி அவள் சுண்டியது சின்னாயியின் கோலியில் கணீரென்று மோதியது. நர்மதா வீறிட்டுக்கொண்டு சின்னாயியைக் கட்டிப்பிடித்தாள். இருவர் மேலும் மீன் வாடை.

சங்ககிரி தாண்டும்வரை பைக்கின் பின்னாலிருந்து அந்த அடியைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே வந்தாள்.

"அதெல்லாஞ் செரி. அந்தப் பழைய குண்டு எங்க?" என்றான் அன்பழகன்.

நர்மதா பையைத் துழாவினாள். பிறகு அவன் முதுகில் முகம் புதைத்துக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். "அக்காகிட்டயே இருக்குதுங்க. அடுத்த ஞாயித்துக்கெழமையும் மீனு தின்னோணும், ஓட்டுங்க!"